அங்கம்மாவுக்கு ஊசி போட்டது யார்?

மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் நர்சிங் கல்லூரிக்கு வரும் தேன்மொழிக்கு வயது முப்பத்தாறு. மற்றவர்களெல்லாம் பள்ளியை முடித்த சூட்டோடு வந்தவர்கள். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே சேரும் முன் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு பூட்டிக்கொண்டிருந்தாள். அங்கே முதலில் ஸ்கேன் செய்து, திரையில் 'முடிந்தது' என்று தட்டிவிட்டு, அப்புறம்தான் கை வேலையைத் தொடும். அப்போதுதான் வரிசை நிற்காமல் ஓடும்.

அந்தப் பழக்கம்தான் போன மாதம் அவளைக் கவிழ்த்தது. பயிற்சி அறைக் கட்டிலில் கிடப்பது பொம்மை நோயாளி. மாணவிகள் வைத்த பெயர் அங்கம்மா. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அங்கம்மாவுக்காகப் பேசுபவர் ஆசிரியை வசந்தினி சிஸ்டர். தேன்மொழி கணினிப் பதிவில் 'மருந்து கொடுக்கப்பட்டது' என்று தட்டிவிட்டு மாத்திரையை நீட்ட, அங்கம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கொடுக்காத மருந்து கொடுத்ததாகப் பதிவாகிவிட்டது. தோல்வி.

இன்று மறுதேர்வு. இதிலும் தவறினால், மற்றவர்கள் மருத்துவமனை வார்டுக்குப் போகும்போது அவள் மட்டும் அடுத்த குழுவுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும்.

அவளுக்கு முன்னால் தேர்வு முடித்து வெளியே வந்த வகுப்புத் தோழி லோஷினி சிரித்தாள். "அக்கா, அங்கம்மா நல்ல மூட்லதான் இருக்காங்க. ஃபேக்டரி கைய வெளியவே கழட்டி வச்சிட்டுப் போங்க லா!"

தேன்மொழி உள்ளே போய் அங்கம்மாவின் கைப்பட்டையை ஸ்கேன் செய்தாள். இன்சுலினையும் ஸ்கேன் செய்தாள். திரையைப் பார்த்ததும் திக்கென்றது. காலை எட்டு மணி இன்சுலின்: கொடுக்கப்பட்டது.

நானா தட்டினேன்? விரல் தன்னை அறியாமல் போய்விட்டதா? இல்லை, லோஷினி பதிந்ததை யாரும் அழிக்கவில்லையா? மாணவிகள் எல்லோருக்கும் ஒரே பயனர் பெயர். பயிற்சிக் கணினியில் எப்போதும் மணி எட்டுதான். ஒருவேளை இதுதான் தேர்வா?

ஊசி கையில் இருந்தது. "அம்மா, காலையில உங்களுக்கு ஊசி போட்டாங்களா?"

ஒலிபெருக்கி கரகரத்தது. "ஊசியா? போட்டாங்க... இல்ல, போடலயே. ஒரு நிமிஷம் இரும்மா." பாதியிலேயே அங்கம்மாவின் குரல் சிஸ்டரின் குரலாக மாறிவிட்டது.

"சர்க்கரை எவ்வளவு இருக்கு, சிஸ்டர்?"

"கொஞ்சம் கூடத்தான்."

அப்படியானால் போடலாம். ஏற்கெனவே போட்டும் சர்க்கரை இன்னும் இறங்காமல் இருந்தால்? தேன்மொழி ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"நான் இப்ப ஊசி போடல சிஸ்டர். கொடுத்ததா பதிவுல இருக்கு. டாக்டர கேட்டுட்டுத்தான் போடணும். நானே தட்டியிருந்தாலும் தட்டியிருப்பேன், அதுவும் சரியா தெரியல."

சிஸ்டர் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "அலமாக், அடக் கடவுளே! லோஷினி போனதும் நான் அழிச்சேனா, இல்லையா? எனக்கே ஞாபகம் இல்லயே."

அங்கம்மாவின் பொம்மை நெஞ்சு அது பாட்டுக்கு ஏறி இறங்கியது.

"சரி, பாஸ் போடுறேன்" என்றார் சிஸ்டர்.

"ஊசியே போடலயே, சிஸ்டர்?"

"போடாததுக்குத்தான்."

"நானே தட்டியிருந்தா?"

சிஸ்டரின் பேனா அந்தரத்தில் நின்றது. "தட்டியிருந்தாலும்... வாயத் திறந்து சொல்லிட்டீங்கல்ல. போங்க, வார்டுக்குப் பேர் குடுத்துடுறேன். இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

வெளியே லோஷினி ஓடி வந்தாள். "என்னாச்சுக்கா?"

"பாஸுன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா? அவங்க என்னதான் சொன்னாங்க?"

"பாஸுன்னுதான் சொன்னாங்க" என்ற தேன்மொழி, தன் ஆட்காட்டி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.