கடலிலிருந்து பார்த்தால் வலது

கலாமோராவில் யாரிடமாவது வலப்பக்கம் எது என்று கேட்டால், மனசுக்குள் ஒருமுறை கடலுக்குப் போய்த் திரும்பி வந்துதான் கையைக் காட்டுவார்கள். படகில் துறைக்குள் நுழைகிறவனுக்கு எது வலக்கைப் பக்கமோ, அதுதான் அந்த ஊருக்கு வலது. மலைமேல் ரயில் நிலையம் வந்து நூறு வருஷம் ஆகியும் இந்தப் பழக்கம் மாறவில்லை. ரொட்டிக்கடை டேலியா முழங்கால் வலியோடு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டர் எந்தக் கால் என்று கேட்டதற்கு, "கடல்லேருந்து பாத்தா, மலையிலேருந்து பாத்தா?" என்று கேட்டாளாம். ஊரார் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, அதில் என்ன தப்பு என்றும் கேட்பார்கள்.

அந்த ஊரின் குரல் கொலோம்பா. முப்பத்தோரு வருஷம் படகுத் துறையின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் படகு வருகிறது, படகு போகிறது என்று சொன்னவள். அதிமதுர மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவள் பேச ஆரம்பித்தால் கடல்காக்கைகள்கூடக் கத்துவதை நிறுத்தும் என்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "எல்லாப் படகையும் கிளப்பி விட்டுட்டு நிமிர்ந்து பாத்தேன், துறையில ஒருத்தனும் இல்ல" என்பாள்.

அறுபத்தாறு வயதில், ஓய்வு பெற்ற பிறகு, நகராட்சி அவளைத் தேடி வந்தது. வருகிறவர்கள் கைபேசியில் இறக்கி, காதில் மாட்டிக்கொண்டு, ஆள் துணையில்லாமல் தாங்களே ஊரைச் சுற்றிப் பார்க்க ஓர் ஒலிப்பதிவு வேண்டும். நிலையத்தில் தொடங்கி அலைதாங்கிச் சுவர்வரை பன்னிரண்டு நிறுத்தங்கள். கொலோம்பா தானே எழுதினாள். நூலகத்தின் சாமான் அறையில், சுவரோரம் பழைய மெத்தைகளை நிறுத்தி, எதிரொலி இல்லாமல் பேசினாள். நகராட்சியில் சுற்றுலாவைக் கவனிக்கும் மிரெல்லா என்ற பெண் பதிவு முழுக்கப் பக்கத்திலேயே நின்று, "கொலோம்பாம்மா, மறந்துடாதீங்க. அவங்க மேலேருந்து இறங்கி வர்றாங்க. கடலைப் பாத்துக்கிட்டு வர்றாங்க. அவங்க வலது வேற" என்று ஓதிக்கொண்டே இருந்தாள். கொலோம்பாவும் ஒவ்வொரு திருப்பத்திலும் வலதை இடதாக்கி, இடதை வலதாக்கிப் பேசினாள். அன்று ராத்திரி கரண்டி எந்தக் கையில் இருக்கிறது என்றே குழம்பிப்போனதாகச் சொன்னாள்.

நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, மிரெல்லா கூப்பிட்டாள்.

"கொலோம்பாம்மா, ஒரே ஒரு வார்த்தை தப்பாப் போயிருக்கு. ஏழாவது நிறுத்தம். நீரூற்றுகிட்ட 'வலப்பக்கம் திரும்புங்கள்'னு சொல்லியிருக்கீங்க. கயிற்று மாதா கோயில் அவங்களுக்கு இடப்பக்கம்ல? பதினோரு புகார் வந்திருக்கு."

கொலோம்பாவின் கையில் இருந்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. "வலப்பக்கம் போனா எங்க போவாங்க?" என்று கேட்டாள். கேட்கத் தேவையில்லை.

"உங்க தம்பி வீட்டு முற்றத்துக்கு."

"அவன் என்ன சொன்னான்?"

"அதான் ஆச்சரியம். புகார் பண்ணவே இல்ல. தண்ணி குடுக்கறாராம். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு. ஒருத்தர் எழுதியிருக்கார், 'கோயிலைக் காணோம், ஆனா தண்ணி அருமை'னு." மிரெல்லா சிரித்தாள். "நீங்க வரக்கூட வேணாம். கம்ப்யூட்டரே உங்க குரல்ல 'இடப்பக்கம்'னு போட்டுடும்."

"என் வாயில வராத வார்த்தைய என் குரல்ல அது எப்படிச் சொல்லும்? வியாழக்கிழமை பத்து மணிக்கு நானே வர்றேன்."

போனை வைத்துவிட்டு, ஆறிப்போன காப்பியைத் தொட்டியில் ஊற்றினாள். தம்பி எத்தோரே அவளுடன் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது.

அவர்களுடைய அப்பா பல்தஸ்ஸாரே படகோட்டி. கலாமோராவில் படகோட்டி இறந்தால் கல்லறைக்குக் கடல் வழியாகத்தான் போவான். அவனுடைய படகிலேயே சவப்பெட்டியை வைத்து, கடலுக்குள் நீண்ட முனையைச் சுற்றிக்கொண்டு போவார்கள். அப்பா இறந்த நவம்பரில் மூன்று நாளாகப் புயல். மூத்தவள் கொலோம்பா. அவள்தான் முடிவெடுத்தாள். கறுப்பு வண்டியை வரவழைத்து, மலைச்சாலை வழியாக அப்பாவை அனுப்பினாள். எத்தோரே கல்லறை வாசலில் எல்லாருக்கும் முன்னால், "அப்பாவ மூட்டை மாதிரி ரோட்டுல அனுப்பிட்ட" என்றான். அதுதான் அவன் அவளிடம் கடைசியாகப் பேசியது. இருநூறு வீடுள்ள ஊரில் இருவரும் எதிர்ப்படாமல் வாழப் பழகிக்கொண்டார்கள். அவன் ஒரு படிக்கட்டு, அவள் இன்னொரு படிக்கட்டு. மேலிருந்து இறங்குகிறவர்களுக்கு நீரூற்றின் வலப்பக்கச் சந்தில், அவர்கள் பிறந்த வீடு இருக்கும் சந்தில், அவள் கால் வைக்கவே இல்லை.

அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: அவன் பழையபடி அக்கா என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும். அதற்கு வழி தெரியாமல் ஒன்பது வருஷம் போய்விட்டது. வியாழக்கிழமை அந்த ஒரு வார்த்தையை மாற்றிவிட்டால், இருந்த ஒரு தப்பு வழியும் அடைபட்டுவிடும். பதினொரு திருப்பத்தில் பிறழாத நாக்கு அந்த ஓர் இடத்தில் மட்டும் ஏன் பிறழ்ந்தது? யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

மறுநாள் காலை, மலையேறி ரயில் நிலையத்துக்குப் போனாள். ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு, முதல் நிறுத்தத்திலிருந்து, தன் குரல் சொன்னபடியே இறங்கினாள். ரொட்டிக்கடை வாசலில் டேலியா பார்த்துவிட்டாள்.

"என்னடி இது? உன் ஊரைச் சுத்திப் பாக்க உனக்கே ஆள் வேணுமா?"

"எங்க தப்பு இருக்குன்னு பாக்கப் போறேன்."

"அது எனக்கே தெரியுமே. முழு ஊருக்கும் தெரியும். உன் தம்பி இந்த வெயில் காலத்துல மட்டும் முப்பது கிலோ எலுமிச்சம்பழம் வாங்கியிருக்கான்." டேலியா சூடான கடலைமாவு அடையைக் காகிதத்தில் சுற்றி நீட்டினாள். "ரெண்டு துண்டு வச்சிருக்கேன்."

"நான் ஒருத்திதானே?"

"போடி, போ."

நீரூற்றருகே அவளுக்கு முன்னால், தூரின் நகரத்திலிருந்து வந்த ஒரு தம்பதி நின்றிருந்தார்கள். இரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்று கைபேசியைச் சத்தமாக வைத்திருந்தார்கள். கொலோம்பாவின் குரல் சந்தி முழுக்கக் கேட்டது: வலப்பக்கம் திரும்புங்கள். அவர்கள் திரும்பினார்கள். கொலோம்பா காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, பத்தடி விட்டு, பின்னாலேயே போனாள். சந்தின் மூன்றாவது கல் இன்னும் ஆடியது. கால் அதை மறக்கவில்லை.

முற்றத்தில் அவள் நினைத்தும் பார்க்காத ஒரு நீள பெஞ்சு. அதன் மேல் துணி மூடிய ஜாடி, கவிழ்த்து வைத்த ஏழெட்டுக் கண்ணாடிக் குவளைகள். எத்தோரே நாற்காலியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க வெளுத்திருந்தது. கொலோம்பா வாசல் வளைவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"ஐயா, கயிற்று மாதா கோயில் இதானே?" என்று அந்த மனிதர் கேட்டார்.

எத்தோரே விரலை உதட்டில் வைத்தான். "இருங்க. அவ பேசி முடிக்கட்டும்."

கைபேசி பேசிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போன ஒவ்வொரு படகுக்கும் பெண்கள் இந்தக் கோயில் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவார்கள். படகு திரும்பினால் அவிழ்ப்பார்கள். அவிழாத முடிச்சுகள் இன்றும் அங்கே இருக்கின்றன. எத்தோரேயின் கை மொச்சையில் நின்றுபோனது. உதடுகள் மட்டும் அசைந்தன. ஒவ்வொரு வார்த்தையும், மூச்சு விடும் இடம் உட்பட, அவனுக்கு மனப்பாடமாக இருந்தது.

குரல் நின்றதும்தான் அவன் எழுந்தான். "கோயில் அந்தப் பக்கம். வந்த வழியே போய், நேரா. தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"அப்ப இந்த அம்மா தப்பால்ல சொல்றாங்க?" என்றாள் அந்தப் பெண்.

"அவ சரியாத்தான் சொல்றா. நீங்க மலையிலேருந்து வர்றீங்க, அதான்."

அவர்கள் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். வளைவில் நின்ற கொலோம்பாவுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். எத்தோரே பார்த்துவிட்டான்.

அவன் ஜாடியைத் தூக்கி ஒரு குவளையில் ஊற்றினான்.

"நீயும் வழி தப்பி வந்தியா?"

"குரல் சொன்ன வழிதான்."

"உக்காரு."

உட்கார்ந்தாள். கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள். அவன் ஒரு துண்டை எடுத்தான், தின்னவில்லை.

"அன்னைக்கு அலை மூணு ஆள் உயரம்டா, எத்தோரே" என்றாள் அவள். ஒன்பது வருஷமாக வாய்க்குள் வைத்திருந்த வாக்கியம்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மறுநாள் காலைல துறைக்குப் போய்ப் பாத்தேன். படகு கயிறு அறுந்து, பாறையில மோதி, ரெண்டாப் பிளந்து கெடந்துச்சு. அதுல அப்பாவ ஏத்தியிருந்தா..." அடையை ஓரமாகக் கிள்ளினான். "அப்பவே தெரியும்."

"மறுநாளேவா? ஒம்பது வருஷமாடா?"

"உன் வீட்டுப் படி வரைக்கும் வருவேன். மேல ஏற வாய் வராது."

"ஏறுறதுக்குக் காலுதான் வேணும், வாய் எதுக்கு? கழுத!"

அவன் சிரித்தான். சிரித்தபடியே புறங்கையால் கண்ணைத் துடைத்தான், மொச்சைத் தோல் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு, வெகு சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டான்:

"எட்டாவதுல என்ன சொல்ற, அக்கா?"

அவள் குவளையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

"இங்க வர்றவங்கள சத்தமா வைக்கச் சொல்லுவேன். ஏழு முடிஞ்சதும் போயிடறாங்க. நாலு மாசமா ஏழாவதையே கேட்டுக்கிட்டிருக்கேன். அப்புறம் என்ன வருதுன்னு யார்கிட்ட கேக்கறது?"

கொலோம்பா கைப்பையிலிருந்து காதில் மாட்டிக் கேட்கும் அந்த இரண்டு சின்னக் குமிழ்களை எடுத்தாள். ஒன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். மற்றதை நீட்டினாள்.

"எந்தக் காதுல?" என்றான்.

"கடல்லேருந்து பாத்தா வலது."

எட்டு, ஒன்பது, பத்து என்று சேர்ந்தே நடந்தார்கள். டேலியா மேலே கடை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டாவது நிறுத்தம், அலைதாங்கிச் சுவர், அப்பாவைப் பற்றியது. அதில் அவள் அவர் பெயரைச் சொல்லவில்லை. சாயங்காலம் பாடிக்கொண்டே துறைக்குள் வரும் ஒரு படகோட்டி என்று மட்டும் சொல்லியிருந்தாள். எத்தோரே கேட்டு முடித்து, கடலைப் பார்த்தபடி, "குரல்தான் மோசம் அவருக்கு" என்றான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு இருவரும் சாமான் அறைக்கு வந்தார்கள். மிரெல்லா மெத்தையை நிமிர்த்திக்கொண்டே எத்தோரேயைப் பார்த்தாள், கொலோம்பாவைப் பார்த்தாள், ஒலிவாங்கியை முன்னால் நகர்த்தினாள்.

"ஒரே ஒரு வார்த்தைதான், கொலோம்பாம்மா."

கொலோம்பா மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கினாள்.

"இடப்பக்கம் திரும்புங்கள். தவறி வலப்பக்கம் போய்விட்டாலும் பாதகமில்லை. அங்கே என் தம்பி எத்தோரே இருப்பான். எலுமிச்சைத் தண்ணீர் தருவான். குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்."

அறையின் மூலையில் எத்தோரே இருமினான்.

"மறுபடி எடுத்துடலாமா? இருமல் விழுந்துருச்சு" என்றாள் மிரெல்லா.

"இருக்கட்டும்" என்றாள் கொலோம்பா.

அப்படியே இருக்கிறது. இப்போது நகராட்சிக்கு வேறொரு தலைவலி. நீரூற்றுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே வலப்பக்கம் திரும்புகிறார்கள். முற்றத்தில் பெஞ்சு இரண்டாகிவிட்டது. மாலை நான்கு மணிக்கு மேல் போனால், நாற்காலியும் இரண்டு கிடக்கும். நடுவில் ஒரு முறம் மொச்சை.