ஏழு சொல்லும் எண்பது வடையும்

இட்லிக் கடைக்காரனுக்குக் கை ஓடினால் போதும், வாய் வேண்டாம் என்று நம்பித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

வங்காளிகள் நிறைந்த கரியாஹாட் சந்தில் எங்கள் தமிழ்க் கடையில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இருந்தவர்கள்: நான், என் மனைவி கமலா, பரிமாறும் ஹாரு, நியூ டவுனில் ஐ.டி. வேலை பார்க்கும் தம்பி மகள் ரஞ்சனி. கூடவே எண்பது வடை. ரஞ்சனி ஆசையாக மெனு கார்டு அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதுவரை எங்களுக்கு ஒரு கரும்பலகைதான். பலகாரத்தின் பெயர், விலை, அவ்வளவே. கார்டிலோ எனக்கு அர்த்தம் தெரியாத ஆங்கிலச் சொற்கள் ஏழு இருந்தன. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். புது மனிதர்களிடம் பேசவும் கூச்சம். யாராவது விளக்கம் கேட்டால் என் கதி என்ன?

கமலா தீர்ப்புச் சொன்னாள்: "பதினோரு மணிக்குள்ள வடை தீர்ந்தா கார்டு இருக்கட்டும். ஒண்ணு மிஞ்சினாலும் பழைய பலகைதான்." மிஞ்ச வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கல்லாவில் உட்கார்ந்து விழித்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

ஆத்தன்டிக்

சாம்பாருக்கு முன்னால் இந்தச் சொல் இருந்தது. "நம்ம ஊர்ல பண்ற மாதிரியே, அசல்னு அர்த்தம் பெரியப்பா" என்றாள் ரஞ்சனி. முதலில் வந்த வங்காளிக் கனவான் ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். இது அசல் இல்லையாம். அவர் கன்னியாகுமரிவரை போய் வந்தவராம்.

அங்கே எந்தக் கடையில் சாம்பார் சாப்பிட்டீர்கள் என்று ஹாரு கேட்டான். அவர் கோபித்துக்கொண்டார். "கடையிலா? டூர்காரர்கள் சமையல்காரரைக் கூடவே அழைத்து வந்தார்கள். மூன்று வேளையும் நம் வங்காளிச் சமையல்தான்!"

அன்லிமிடெட்

இதுவும் சாம்பாருக்குத்தான், கேட்கக் கேட்க ஊற்ற வேண்டும். பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் ஒற்றை வடையை வாங்கி, நடுவில் தீவு மாதிரி நிறுத்திக்கொண்டு, சுற்றியுள்ள சாம்பாரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது கிண்ணம் ஊற்றும்போது ஹாரு பொறுக்கமாட்டாமல், இன்னொரு வடை தரட்டுமா என்றான்.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. இப்படி நாலு பேர் வந்தால் வடை மலைபோல் மிஞ்சும். பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "வடைக்கு என்னப்பா அவசரம்? அது அன்லிமிடெட் இல்லையே."

காம்ப்ளிமென்டரி

மணி பத்து. பாதி வடை அப்படியே இருந்தது. அப்போது நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் இரண்டு வடையை முடித்துவிட்டு, சட்னிக்கு எதிரே இருந்த இந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். "விலை கிடையாது, சும்மா தருவது" என்றாள் ரஞ்சனி.

"அட, ஃபாவு!" என்றார் மாஷிமா. இந்த ஊரில் புச்கா என்னும் பானிபூரி விற்பவர், காசு வாங்கிய பிறகு கடைசியில் ஒரு புச்கா சும்மா கொடுப்பார். அதுதான் ஃபாவு. கொடுக்காவிட்டால் ஆள் நகராது. மாஷிமாவும் நகரவில்லை. "புச்கா தின்றால் ஃபாவும் புச்கா. வடை தின்றவளுக்கு எவனாவது சட்னியை ஃபாவாகக் கொடுப்பானா?"

பதினோரு மணி

ரஞ்சனிக்கு முகம் மலர்ந்தது. தட்டுக்கு ஒரு வடை ஃபாவு என்று அறிவித்துவிட்டாள். சந்தே திரண்டு வந்தது. கமலா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கூடையை எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு வடை! பரணிலிருந்து கரும்பலகையை நானே இறக்கி, ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தேன்.

ஹாரு கையைக் கழுவிக்கொண்டு வந்தான். "அண்ணா, காலையிலிருந்து ஊருக்கெல்லாம் ஃபாவு கொடுத்தேன். என்னுடையது?" என்று அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

ஆக, அன்று கடையில் மிஞ்சிய வடை பூஜ்யம், நான் இனிமேல் அர்த்தம் தெரியாமலே விளக்க வேண்டிய ஆங்கிலச் சொற்கள் நான்கு.