ஆறாவது வரி

இருபத்தாறு வருஷமாகக் கண் பரிசோதகர் வேலை. சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் வேலையில் கெட்டிக்காரர். வாயில் அதைவிடக் கெட்டிக்காரர். சண்டை தொடங்கியதும், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் ஆபீசில் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். டீக்கடையில் யாராவது "சண்டை போடறது நியாயமா?" என்று வாயைத் திறந்தால் போதும், பிடித்துக்கொள்வார். "நம்ம வீட்டுக்குள்ள பூந்து அடிக்கிறவனைத் தடுக்கலாம், விரட்டலாம். அது பாவமில்ல. அவன் வீடு வரைக்கும் துரத்திட்டுப் போனா, அப்புறம் நமக்கும் அவனுக்கும் என்னய்யா வித்தியாசம்?"

பேசுவதற்கென்ன, நாக்கில் எலும்பா இருக்கிறது? நம் படை ஆற்றைத் தாண்டி எதிரி நாட்டுக்குள் போன வாரம், மகள் வந்து நின்றாள், "நானும் சேரப்போறேம்ப்பா" என்று.

அவள் கணக்கு டீச்சர். தாயில்லாப் பெண், அவர் கையால் சோறூட்டி வளர்த்தது. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது அப்பனா அலமாரியா என்று தெரியாது.

"ஆத்துக்கு இந்தப் பக்கம் நின்னு காவல் காக்கறதுன்னா நானே உன்னை அனுப்புவேன் கண்ணு. இப்ப அந்தப் பக்கம்ல போறாங்க."

"அந்தப் பக்கம் நின்னுதானேப்பா குண்டு போடறான்? என் வகுப்புல நாலு பெஞ்சு காலி. அங்க போகாம அதை எப்படி நிறுத்தறது? சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"அங்கயும் பெஞ்சு இருக்கும்மா. அதுலயும் பிள்ளைங்க உக்காந்திருக்கும்."

"தெரியும். அதை நினைச்சு ரெண்டு நாளாத் தூக்கமே இல்ல. அப்பவும் போகணும்னுதான் தோணுது."

காலியான நாலு பெஞ்சுக்கு எவன் பதில் சொல்வான்? ஆனால் உள்ளுக்குள் ஒரு தைரியம் இருந்தது. கண்ணாடி இல்லாமல், இருபதடி தள்ளி நின்று, அட்டையில் ஆறாவது வரியைப் படித்தால்தான் சேர்ப்பார்கள். இவளாவது, படிப்பதாவது!

மறுநாள் வரிசையில் வந்தாள், கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு. சொந்தப் பிள்ளை என்பதால் ஆபீசர் பக்கத்திலேயே வந்து நின்றார். இவர் குச்சியால் ஆறாவது வரியைத் தொட்டார்.

"ம," என்றாள். அடுத்தது, "ய."

இவர் விடவில்லை. கடைசியிலிருந்து தொட்டார், நடுவில் தாவினார். "வ. ப. ட." ஒன்றுகூடத் தப்பவில்லை. எப்படித் தப்பும்? எழுத்தையா பார்த்தாள், மங்கலாகத் தெரிந்த குச்சி நிற்கும் இடத்தைப் பார்த்துச் சொன்னாள். மூன்று வயசில், தனியாகப் புத்தகம் எதற்கு என்று, இதே மாதிரிப் பழைய அட்டை ஒன்றை வீட்டுச் சுவரில் மாட்டி எழுத்துச் சொல்லிக் கொடுத்த புண்ணியவான் இவர்தானே! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; இவர் தன் சுவரால் கெட்டார்.

"சார், இவளுக்குக் கண் தெரியாது. மனப்பாடமா ஒப்பிக்கறா. மெஷின்ல வெச்சுப் பாருங்க."

ஆபீசர் சிரித்தார். கெட்டவரில்லை, களைத்துப்போனவர். "மெஷினெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு, தெரியாதா? காலையிலேருந்து இப்படிச் சொல்ற ஏழாவது அப்பா நீங்க. மத்த ஆறு பேர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க? 'அட்டை பொய் சொல்லாது'ன்னீங்க. கையெழுத்துப் போடுங்க."

போட்டார். வேறென்ன செய்வார்? 'தகுதி' என்ற இடத்தில் போட்டார்.

வெளியே மூன்று பஸ் நின்றன. முதலாவது, தேறாதவர்களை ஊருக்குள் திருப்பிக் கொண்டுபோய் விடுகிற பஸ். மூன்றாவது, முப்பத்தேழாம் நம்பர், ஆற்றுப் பக்கம் போவது. ஆபீசர் வாசலிலேயே நின்றதால் அவளால் கண்ணாடியை எடுக்க முடியவில்லை.

"அப்பா," என்றாள் மெதுவாக, "முப்பத்தேழுல ஏறச் சொன்னாங்க. எந்த பஸ்ஸு?"

முதலாவது என்று சொல்ல வாயைத் திறந்தார். அவரது முகம் இருப்பதாக அவள் நினைத்த இடத்தைப் பார்த்து, முழு நம்பிக்கையோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது, கண்ணு. படி உயரமா இருக்கு. பாத்து ஏறு."