பேர்க்காரியும் ஸ்கேன் சர்வரும்

எங்கள் மருத்துவமனையின் நெட்வொர்க் அறையில் அவளுக்குப் பட்டப்பெயர் பேர்க்காரி. வைத்தது நான்தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவதிப்படுகிறவளுக்குத்தானே தெரியும்! எந்தக் கம்ப்யூட்டர் எதோடு பேசலாம் என்று ஃபயர்வாலில் விதி எழுதும்போது, முகவரியை வெறும் எண்ணாகப் போட்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலில் அந்த முகவரிக்கு ஒரு பேர். பிறகு எல்லா விதிகளிலும் அந்தப் பேர்தான். முகவரி மாறினால் ஒரே இடத்தில் திருத்தலாம்.

"செய்யிற வேலையைச் சொல்ற பேரா வைடி. 'மூணாம் மாடி'ன்னு வெச்சா, மெஷினைக் கீழ இறக்கினதும் என்ன பண்ணுவே?" என்று என்னை வறுத்தெடுப்பாள்.

அன்று காலை ஸ்கேன் படங்களைப் புதிய சர்வருக்கு மாற்றினார்கள். விதிகளில் இன்னும் பழைய சர்வரின் முகவரிதான்; ஆபரேஷன் தியேட்டர் திரையில் படம் வரவில்லை. உள்ளே படுத்திருந்தது பேர்க்காரியின் அண்ணன். தலைக்குள் கட்டி. படத்தைப் பார்க்காமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று டாக்டர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

மேனேஜர் ஓடிவந்தார். "ஒரே இடத்துல மாத்தினா போதும்னு நீங்கதானேம்மா சொல்வீங்க? மாத்துங்க!"

அவள் மாற்றவில்லை. 'ஸ்கேன்-படங்கள்' என்ற பேர் எந்தெந்த விதிகளில் இருக்கிறது என்று தேடினாள். ஒரு விதியில் அவள் கை நின்றது. காலிசெய்த பழைய சர்வரைப் பழுதுபார்க்க வெளிக் கம்பெனிக்கு வழிவிடும் விதி அது. முகவரி ஒன்றுதானே என்று மேனேஜர் அதிலும் இதே பேரைப் போட்டுத் தொலைத்திருந்தார். இப்போது மாற்றினால் வெளி ஆட்கள் நேராகப் புதிய சர்வருக்குள் போய், எல்லா நோயாளிகளின் படங்களையும் பார்க்கலாம்.

"உள்ள இருக்கறது உங்க அண்ணன்மா!"

"தெரியும் சார். அந்த சர்வர்ல இருக்கறது எங்க அண்ணன் படம் மட்டும் இல்ல. கொஞ்சம் சும்மா இருங்க."

மேனேஜர் ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தார். பொய் சொல்வானேன், எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

'பழைய-சர்வர்-பழுது' என்று புதுப் பேர் வைத்துப் பழைய முகவரியைக் கொடுத்தாள். அந்த விதியில் அதைப் போட்டாள். பிறகுதான் 'ஸ்கேன்-படங்கள்' பேருக்குப் புது முகவரியை அடித்தாள்.

போன் அடித்தது. "படம் தெளிவா இருக்கு. ஆரம்பிக்கறோம்," என்றார் டாக்டர்.

"மத்ததை நீ பாத்துக்கோடி," என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள் பேர்க்காரி. அப்போதுதான் அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன்.

"தியேட்டர் வாசல்ல அண்ணி தனியா உக்காந்திருக்காங்க."