மாமாவின் கட்டைவிரல்

அம்மாவின் தம்பிக்கு நான்கு கைகள் என்றுதான் சின்ன வயதில் நம்பியிருந்தேன். காடாம்புலியூரில் பலா மரம் ஏறிக் காய் இறக்குவது அவருடைய தொழில். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கால் கட்டைவிரலால் என் பாவாடையைப் பிடித்து இழுப்பார். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியாதவர் போல முகத்தை வைத்திருப்பார். நான் ஏமாறாத நாளே கிடையாது.

வீட்டுக்கு வீடு இலவச டிவி வந்துகொண்டிருந்த சமயம், மாமா மரத்திலிருந்து விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, சிதம்பரத்தில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். மறுநாள் நாங்கள் போனபோது கத்திக்கொண்டிருந்தார். ஊசி போட்டும் வலி அடங்கவில்லை. ஆபரேஷன் என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் தேற்றினார்கள்.

சாயங்காலம் கத்தல் நின்றது. வலி நின்றால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக அத்தை வேண்டியிருந்தாள். சில்லென்றிருந்த அவர் காலைப் போர்வையால் மூடிவிட்டு உடனே கோயிலுக்கு ஓடினாள். எங்களுக்கெல்லாம் அப்பாடா என்றிருந்தது.

திரும்பி வந்து பாதத்தில் விபூதி பூசினாள்.

"இன்னும் வலிக்குதாங்க?"

"நீ தொட்றதே தெரியலடி."

பக்கத்துக் கட்டிலருகே நின்றிருந்த நர்ஸ் அதைக் கேட்டுப் பதறி வந்தார். போர்வையை விலக்கினால் விரல்கள் வெளுத்துக் கிடந்தன. "உள்ள வீங்கி ரத்தம் எறங்காம அடைச்சிருக்கு. மரத்துப்போனதும் ஏம்மா சொல்லல?" என்று டாக்டர் கேட்டார். அத்தை கையில் தேங்காய் மூடியோடு நின்றாள். பாவம், அவளுக்கு யார் சொல்லியிருந்தார்கள்?

மறுபடி ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். கால் தேறவில்லை. முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

அதை அம்மா சொல்லித்தான் என்னைக் கூட்டிப்போனாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அங்கே பார்க்கக் கூடாது என்று மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாப்பா, அந்தக் கட்டவெரலு ரொம்ப அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சி வுடேன்."

அதே ஒன்றும் தெரியாத முகம். பழைய மாமா திரும்பி வந்துவிட்டார்! இந்த முறை ஏமாறக் கூடாது என்று, "போ மாமா, பொய் சொல்ற" எனக் கைதட்டிச் சிரித்தேன்.

மாமாவும் கூடவே சிரித்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போனாள்.

இல்லாத காலிலும் விரல் அரிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அன்று ஒரு நாள்தான் மாமா என்னை ஏமாற்றவில்லை.