வாழைமரத்தில் வெட்டிய சட்டை

என் வீட்டுக்காரரை அவருடைய அண்ணன் அரிவாளால் வெட்டிய அன்று காலை, நானும் அந்த அண்ணனின் மனைவியும் ஒரே மரச்சட்டத்தின் இரு பக்கமும் உட்கார்ந்து ஒரே ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்துகொண்டிருந்தோம்.

வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒட்டி ஒட்டி நிற்கும். நிலத்தைப் பாகம் பிரித்துவிட்டார்கள், போர்வெல் மட்டும் பொது. ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அண்ணனைப் பெரியவர் என்பேன். கட்டில் அளவு மரச்சட்டத்தில் துணியை முரசுத்தோல் போல இழுத்துக் கட்டி, மேலே கொக்கி ஊசியும் கீழே நூலுமாக எட்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தவர்கள் நாங்கள். துணிக்கு அடியில் எங்கள் முழங்கால்கள் இடித்துக்கொள்ளும். அன்று சட்டத்தில் இருந்தது கீரமங்கலத்துக் கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட். அரக்குப் பட்டு. முதுகுப் பக்கம் பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

மோட்டார் ரூம் பக்கமிருந்து சத்தம் வந்தது. த்ரீ பேஸ் கரண்ட் வந்த நேரம். தண்ணீர் முறை அண்ணனுடையது. என் வீட்டுக்காரர் கடலை காய்கிறது என்று முறையை மீறி வால்வைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். இது வழக்கமான சண்டை என்று நினைத்து இரண்டு நிமிடம் உட்கார்ந்தே இருந்தோம். பிறகு சத்தத்தின் தன்மை மாறியது. இருவரும் ஒன்றாகத்தான் எழுந்து ஓடினோம்.

நான் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன். அண்ணன் குனிந்து வலது கையால் வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பைப் திருகுகிற இரண்டடி நீள இரும்பு ரிஞ்சை இரண்டு கைகளாலும் தூக்கி அந்தக் கையின் மேல் இறக்கினார். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் விரல்கள் நசுங்கின. பச்சைக் கரும்பை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். மறுபடியும் தூக்கி இறக்கினார். அண்ணன் கத்தவில்லை. தன் கையை ஒரு கணம் பார்த்தார். பிறகு தென்னைமரத்தில் கொத்தி வைத்திருந்த அரிவாளை இடது கையால் பிடுங்கித் தம்பியின் தோளில் வெட்டினார். அடுத்தது கையில். என் வீட்டுக்காரர் திரும்பி ஓடியபோது மூன்றாவது, முதுகில். வெள்ளைச் சட்டை கண் முன்னால் சிவந்தது. அக்கா ஓடிப்போய்ப் புருஷனின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். நான் என்னுடையவர் மேல் விழுந்தேன். அவருடைய ரத்தம் என் வாய்க்குள் போனது. சூடாக, உப்பாக இருந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். போலீஸ் அதை ஒரு கவரில் போட்டுச் சீல் வைத்துக் கொண்டுபோனது. நாற்பத்து மூன்று தையல் போட்டார்கள்.

மறுநாள் ஸ்டேஷன் ரைட்டர் வந்து என்னை விசாரித்தார். பெரியவர் வெட்டியதைப் பார்த்தேன் என்றேன். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டார்.

"பாக்கலைங்க. நான் போறப்பவே வெட்டிட்டு இருந்தாரு."

பெரியவரின் கை எப்படி நசுங்கியது என்று கேட்டார். ஓடும்போது மோட்டார் ரூம் இரும்புக் கதவில் மாட்டியிருக்கும் என்று என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடி சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ரைட்டர் எழுதி வாசித்துக் காட்டினார்.

பெரியவரைக் கட்டுப்போட்ட கையோடு ஜெயிலில் அடைத்தார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து, மாற்றுத்துணி எடுக்க நான் ஊருக்கு வந்திருந்தபோது, அக்கா எங்கள் வீட்டுக்குள் வந்தார். சட்டத்தில் ஜாக்கெட் அப்படியே இருந்தது. மேசையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை அந்தப் பட்டை ஒரே இழுப்பில் வெட்டினார். இழுத்துக் கட்டிய துணி வெடித்து இரண்டு பக்கமும் சுருண்டது. மணிகள் தரையெல்லாம் சிதறின. கத்தரிக்கோல் முனையை என் பக்கம் நீட்டியபடி நின்றார். குத்திவிடுவார் என்றே நினைத்தேன்.

"நீயும் எங்கூடத்தானடி ஓடியாந்த," என்றார். "நீ பாத்த."

கத்தரிக்கோலைத் தரையில் எறிந்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். போனில் எப்போதும் கல்யாண ஜாக்கெட் டிசைன்களாகத்தான் வரும். அந்த வரிசையில் ஒருநாள் ஏதோ ஒரு நாட்டுப் பெண்ணின் வேலை வந்தது. தன் அம்மாவின் ஆபரேஷன் தழும்பை, நீளம் அகலம் மாறாமல், ஆஸ்பத்திரிப் போர்வையில் தைத்திருந்தாள். அதைத் தொட்டதும் அதைப் போல வேறு பல வர ஆரம்பித்தன. குண்டு துளைத்த ஜன்னல் திரையின் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் சிவப்பு நூல் வேலை. தீப்பிடித்த வீட்டிலிருந்து எடுத்த படுக்கை விரிப்பில் கருகிய இடங்களுக்கு மட்டும் கரை கட்டிய வேலை. ஒருவர் துணியின் பின்பக்கத்தையே, முடிச்சும் தொங்குகிற நூலுமாக, சுவரில் மாட்டி வைத்திருந்தார்.

ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கித் தையலைப் பார்த்தேன். ஒரு முடிச்சு தெரிந்தால் துணியைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்காகவே எட்டு வருடம் தைத்திருக்கிறேன். மயில், தாமரை, மணப்பெண் பல்லக்கு. ஊசியால் இதையும் சொல்லலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, எனக்கே தோன்றியதும் இல்லை. டாக்டர் தையல் பிரிக்க வந்தபோது நான் வெளியே போகவில்லை. கறுப்பு நூல் சதையைவிட்டு உருவி வருவதை நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவருடைய பழைய சட்டையைப் போலவே ஒரு வெள்ளைச் சட்டை வாங்கினேன். கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தேன். ஓரம் நேராக வந்தது, பொய்யாக இருந்தது. அரிவாளை எடுத்தேன். காற்றில் தொங்கும் துணியை அரிவாள் வெட்டாது, தள்ளிவிடும். கொல்லையில் குலை வெட்டிய வாழைமரம் ஒன்று நின்றது. அதற்குச் சட்டையை மாட்டிப் பட்டன் போட்டு, சட்டைக் கைகளை மரத்தோடு சேர்த்துக் கட்டினேன். அவர் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்த மதிய நேரம்.

முதல் வெட்டு தவறான இடத்தில் விழுந்தது. வலது கையால் வெட்டினால் எதிரே நிற்கிறவனின் இடது தோளில்தான் இறங்குகிறது. அவருக்குக் காயம் வலது தோளில் தொடங்கி நெஞ்சை நோக்கிச் சரிந்திருந்தது. நான் அரிவாளை இடது கைக்கு மாற்றினேன். மறுபடி ஓங்கினேன். சரியாக அந்தச் சாய்வில் விழுந்தது. அரிவாளை மாற்றிப் பிடித்த அந்த நொடியிலேயே நான் சொன்ன பொய் எனக்குக் கையில் தட்டுப்பட்டது. வலது கை நசுங்கிய பிறகுதான் ஒரு மனிதன் இடது கையால் வெட்டுவான். அது தெரிந்தும் நிறுத்தவில்லை. கையில் ஒன்று, முதுகில் ஒன்று வெட்டினேன். அதற்குமேல் தேவையில்லை. ஆனாலும் வெட்டினேன். பட்டைகள் பிளந்து நீர் என் முகத்தில் அடித்தது. யாரை வெட்டினேன் என்று கேட்டால் இன்றும் என்னால் சொல்ல முடியாது. மரம் சாய்ந்து வேலியில் விழுந்த பிறகுதான் நின்றேன். தோள் வலித்தது. வாயில் ஏதோ கத்திக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் காதில் விழுந்தது.

வாழைக்கறை துவைத்தால் போகாது. வெட்டின் ஓரங்களெல்லாம் காய்ந்த ரத்தத்தின் நிறத்துக்கு வந்தன. தவறாகவும் அதிகப்படியாகவும் விழுந்த வெட்டுகளை மட்டும் வெள்ளை நூலால் மூடினேன். அவர் உடம்பில் இருக்கிற மூன்றையும் மூடவில்லை. வாய் பிளந்தபடியே விட்டு, ஓரத்தில் சிவப்பு நூலும் அதற்குள் பொடி மணியுமாகத் தைத்தேன். கல்யாண ஜாக்கெட்டுக்குப் பிடிக்கிற அதே நுணுக்கத்தோடு தைத்தேன். ஒரு மாதம் ஆனது.

அவர் பார்த்தால் கிழித்துப்போடுவார் என்று பயந்தேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. முன் அறையில் ஆணி அடித்து மாட்டினார். பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் அதைக் காட்டினார்.

"எங்கண்ணன் செஞ்ச வேலையப் பாருங்க. இவ தச்சு வச்சிருக்கா. கோர்ட்டுக்கே கொண்டுபோவேன்."

வந்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள். புருஷன் மேல் எவ்வளவு பாசம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் காப்பி போடும் சாக்கில் உள்ளே போய்விட்டேன். என் கையால் செய்த முதல் நிஜமான வேலை அவருக்குச் சாட்சி சொல்லிக்கொண்டு சுவரில் தொங்கியது.

பெரியவர் ஜாமீனில் வந்தார். மூன்று விரல்கள் மடங்காமல் விறைத்துவிட்டன. ஒருநாள் நான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, தெருவில் போன அக்கா திறந்த கதவு வழியே சட்டையைப் பார்த்து நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. கையை உயர்த்தி, வெட்டு இறங்கிய சாய்வைக் காற்றில் ஒருமுறை வரைந்து பார்த்தார். அவரும் ஊசி பிடித்தவர் அல்லவா.

"எடது கையால வெட்டியிருக்க," என்றார். "ஏன் எடது கைன்னு கேக்குறதுக்கு ஒருத்தருக்கும் தோணலையா?"

அவர் போய்விட்டார்.

மறுநாள் சட்டையை ஆணியிலிருந்து எடுத்துச் சட்டத்தில் கட்டினேன். கோர்ட்டுக்குப் போகும் முன் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். நெஞ்சுப் பகுதியில் ஒரு வலது கையை வரைந்தேன். நீலமும் கறுப்பும் சேர்ந்த நூலில் ஐந்து விரல்கள், அதில் மூன்று நசுங்கியவை. நகம் தெறித்த இடம், எலும்பு வெளியே வந்த இடம், எல்லாம் என் கண்ணில் இருந்தது. படம் எதுவும் தேவைப்படவில்லை. கைக்கு மேலே ரிஞ்சின் வாயை வெள்ளி ஜரியில் தைத்தேன்.

அது முடிந்த அன்று பகலில் அவர் உள்ளே வந்தார். சட்டத்தின் அருகே வந்து வெகு நேரம் பார்த்தார்.

"இது யார் கை?"

"ஒங்களுக்குத் தெரியும்."

என் இடது காதோடு சேர்த்து அறைந்தார். சட்டத்தின் மீது விழுந்தேன், மரவிளிம்பு புருவத்தைக் கிழித்தது. முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அதே காதில் அறைந்தார். உள்ளே விசில் போல ஒன்று கூவி, பிறகு அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. சட்டையைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தார். மணிகளும் நூலும் நெருங்கிய இடம் கிழியவில்லை. தொங்கிய நூல் முனை ஒன்றைப் பிடித்து இழுத்தார். சங்கிலித் தையல் அப்படித்தான், முனை கிடைத்தால் முழுசும் வந்துவிடும். சரசரவென்று ஒரு விரல் முழுக்க உருவி அவர் கையில் வந்தது. மற்ற விரல்களுக்கு நான் ஏற்கெனவே முடிச்சுப் போட்டிருந்தேன். தரையில் கிடந்தபடி என் கைக்குக் கிடைத்த ஆரி ஊசியை எடுத்து அவர் காலில், கணுக்காலுக்கு மேலே, கைப்பிடி வரை குத்தினேன். கொக்கி ஊசி உள்ளே போவது சுலபம், வெளியே வராது. அவர் அலறிக்கொண்டு உட்கார்ந்தார்.

சட்டையை அவிழ்த்துக் கட்டைப்பையில் திணித்துக்கொண்டு வெளியேறினேன். டவுன் பஸ்ஸில் புதுக்கோட்டை, அங்கிருந்து திருச்சி பஸ்ஸில் கீரனூர். அங்கே என் தங்கை இருக்கிறாள், தினமும் திருச்சிக்கு வேலைக்குப் போய்வருகிறவள். முகத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் எதுவும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது கூண்டில் ஏறினேன். ரிஞ்சு, வால்வு, கையில் இரண்டு அடி, பிறகு இடது கையில் அரிவாள் என்று நடந்த வரிசையிலேயே சொன்னேன். முதலில் ஏன் வேறுமாதிரி சொன்னாய் என்று வக்கீல் கேட்டார். புருஷனைக் காப்பாற்றச் சொன்னேன் என்றேன். எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. சட்டையை நான் கொண்டுபோகவில்லை. வாயால் சொல்ல முடிந்த இடத்தில் அது தேவைப்படவில்லை. இப்போது அண்ணன் தம்பி இருவர் மேலும் வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரவில்லை.

கோர்ட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் அக்கா நின்றிருந்தார். பெரியவர் சற்றுத் தள்ளி, மடங்காத கையைச் சட்டைப் பைக்குள் நுழைக்க முடியாமல் நின்றார். நான் அக்கா பக்கத்தில் போனேன். நன்றி சொல்வார் என்று ஒரு மூலையில் நான் எதிர்பார்த்திருந்தேன் என்பதை மறைக்கவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல," என்றார் அக்கா. அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார்கள்.

கீரனூரில் இப்போது எனக்குத் தனி அறை, தனிச் சட்டம். காலையில் கல்யாண ஜாக்கெட்டுகள் தைக்கிறேன், மதியத்துக்கு மேல் என் வேலை. தங்கை போட்டோ எடுத்து யாரிடமோ காட்டியதில், சட்டையைத் திருச்சியில் ஒரு கல்லூரியில் பத்து நாள் மாட்டி வைத்தார்கள். அங்கே ஒரு பெண் என்னிடம் வந்து, தன் வீட்டில் ஒரு தலையணை உறை இருக்கிறது, அதையும் இப்படித் தைக்கக் கொண்டுவரலாமா என்று கேட்டாள். அதில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். என் இடது பக்கம் நின்று சொன்னதால் பாதி எனக்குக் கேட்கவில்லை. வலது பக்கம் வரச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.