முப்பதாவது தலை

நடுவுநிலைமை என்னும் நற்குணம், தன்னவர் எதிரே நிற்கும்போதுதான் தன் முழு எடையையும் காட்டும். அயோவா மாநிலத்து எல்க் ரிட்ஜ் சிற்றூரில் அக்குணத்தைப் பெற்றிருப்பவர் ஆர்டிஸ் ட்வெட் அம்மையார். முப்பத்தோராண்டு பள்ளிப் பேருந்து ஓட்டியவர். எங்கள் வட்டாரக் கட்சிக் கூட்டத்தின் தலைவர். கணவர் லோவெல், பன்றி வளர்ப்போர் சங்கச் செயலாளர்.

அதிபர் வேட்பாளரைத் தெரிவு செய்ய நான்காண்டுக்கு ஒருமுறை, கொட்டும் பனியில், பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கூடுவோம். வாக்குச்சீட்டு இல்லை, வேட்பாளருக்கு ஒரு மூலையாகப் பிரிந்து நிற்போரைத் தலை எண்ணுவர். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைந்துவிட வேண்டும், கலைந்தவர் வேறு மூலையில் சேரலாம். ஏழு மணிக்குக் கதவு அடைத்தபின் வந்தவர் கணக்கில் சேரார்.

அத்தகைய ஓராண்டில் ஆர்டிஸ், கணவரின் சங்கம் ஆதரித்த வேட்பாளரின் மூலையிலேயே நின்றார். எதிர்மூலையில் ஆற்றுநீர்க் காப்புக் குழுவினராகிய நாங்கள். பண்ணைக் கழிவு ஆற்றில் கலந்த நாள்முதல் பதினோராண்டாக இரு தரப்பும் முகங்கொடுத்துப் பேசியதில்லை.

வந்தவர் இருநூறு, தேவை முப்பது. சங்கத்தின் மூலையில் சரியாக முப்பது பேர். சங்கத் தலைவர் ராய்ஸ் கைதட்டினார். ஆர்டிஸ் கணவரை நோக்கினார்.

"கதவ அடைச்சப்போ நீங்க உள்ள இல்லையே லோவெல், எப்படி வந்தீங்க?"

"சமையக்கட்டு வழியா. தாய்ப்பன்றி குட்டி போட்டுக்கிட்டிருந்துச்சு, அப்படியே விட்டுட்டா வர முடியும்? ஒரு நாலு நிமிஷம் பிந்திப்போச்சு."

"அப்ப இருபத்தொன்பதுதான்."

ராய்ஸ் பதறினார். "ஏம்மா, நாலு நிமிஷத்துக்காகக் கட்டின புருஷனையே கழிச்சு விடுவியா? ஒரு வருஷமா வீடு வீடா அலைஞ்சிருக்கோம்! யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே, ராய்ஸ்."

"வீட்டுல சாப்பாடாவது உண்டா, இல்ல அதுக்கும் நேரமாயிடுச்சா?" என்று லோவெல் கேட்க, கூடமே சிரித்தது. அவர் பார்வையாளர் பலகையில் போய் அமர்ந்தார்.

மூலை கலைந்தது. பலர் வீடு திரும்ப மேலங்கியை எடுத்தனர். அவர்களை நிற்கச் சொல்லிவிட்டு, ஆர்டிஸ் தனியே எங்களிடம் நடந்து வந்தார்.

"சின்னப் பண்ணைக்காரங்க கழிவுக்குழியைக் கசியாம கட்ட அரசாங்கம் உதவணும்னு தீர்மானம் வெச்சிருக்கோம். அதுக்கு நீங்க கை தூக்கினா, நாங்க உங்க மூலைக்கு வர்றோம்."

எங்கள் குழுவின் மெர்ல் தயங்கவில்லை. "சொந்த வீட்டுக்காரரையே வெளிய உக்கார வெச்சவங்க கேக்குறீங்க. வாங்கம்மா."

இருபத்தொன்பது பேரும் கூடத்தைக் கடந்து வந்தனர். "காப்பியாவது சூடா இருக்கா?" என்று முனகியபடி ராய்ஸ் கடைசியாக வந்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறி மாவட்டக் கட்சி மாநாட்டுக்குச் சென்றது. மறுமாதமே இரு தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து ஆற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

அந்தப் பேச்சை எங்களுக்கு மீட்டுத் தந்த அம்மையாருக்கு எவ்வளவு நன்றி கூறினும் தகும். ட்வெட் இல்லத்துக் கிணறு வற்றாதிருக்க. அவர்தம் தொழுவம் பெருக. அவர் மக்களும் மக்கள்தம் மக்களும் ஒருமேசையில் கூடியுண்டு நீடு வாழ்க!